கொஞ்ச நேரம் நீங்கள் அகிலாண்டம்

“உங்க வீட்டம்மாவுக்கு எங்க பட்டு சாயம் போன துணியாத் தெரியுதாமே! நாங்க என்ன ஏலத்துல எடுத்துட்டு வந்தோமா, இல்ல எவளோ கட்டி அவுத்ததைத் தூக்கிட்டு வந்தோமா? அந்தம்மா என் வாசல்ல வந்து நின்னு தப்புன்னு சொல்லட்டும். அப்புறம் பத்திரிகை அடிக்கலாம்.”

ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் பெண்ணுக்கு மாமியாராக வரப்போகிறவள் என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னது இது. அதற்கு இவர் என்ன பதில் சொன்னார் தெரியுமா? “சரிங்க சம்பந்தி.” சரிங்க சம்பந்தியாம்! கட்டின பெண்டாட்டியை வாசலில் நிறுத்துவேன் என்கிறாள் ஒருத்தி, இவர் சரிங்க சம்பந்தி என்கிறார்.

எழுந்திருக்காதீர்கள், உட்காருங்கள். உங்களை இப்போதைக்குக் கூப்பிட மாட்டார்கள். கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டால் அரை நாள் போயிற்று என்று அர்த்தம். எனக்கு டெஸ்டெல்லாம் முடிந்து சொட்டும் விட்டாயிற்று, பெரிய டாக்டர் பார்ப்பதுதான் பாக்கி. கண்ணாடியும் கையில் இல்லை, இவர் சட்டைப்பையில் இருக்கிறது. இவர் காரை நிழலுக்கு மாற்றி நிறுத்தப் போயிருக்கிறார். ஆனி மாதத்தில், திருச்சியில், நிழல் தேடிப் போயிருக்கிறார். எப்போது திரும்புவாரோ. அதனால் உங்கள் முகம் எனக்கு இட்லிப் பானை ஆவி மாதிரித்தான் தெரிகிறது. தப்பாக நினைக்காதீர்கள். புடவை பச்சை, இல்லை, நீலம். சொல்ல வேண்டாம், நிறத்தைப் பற்றி யாரும் என்னிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

முகம் தெரியாமல் பேசுவதும் ஒரு சௌகரியம்தான். நான் படித்த கான்வெண்டில், சேப்பலுக்குள் மரக்கூண்டு ஒன்று இருந்தது. கிறிஸ்தவப் பிள்ளைகள் வரிசையில் நின்று உள்ளே போய், வலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஃபாதரிடம் செய்த பாவம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே வெளியே வருவார்கள். எங்களுக்கு அனுமதி இல்லை. எனக்குப் பொறாமையாக இருக்கும். தமயந்தி என்று பெயர் வைத்துக்கொண்டு அந்தக் கூண்டுக்குள் நுழைய முடியுமா? சிஸ்டர் பெனிக்னா காதைத் திருகிவிடுவார்.

உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கிறதா? பேச்சே காணோமே. பரவாயில்லை, ‘உம்’ கொட்டினால் போதும்.

எல்லாம் மாசியில் ஆரம்பித்தது. காலையில் கோலம் போடக் குனிந்தேன். பிடரியில் பிடித்து முதுகு வழியாகக் கால் கட்டைவிரல் வரைக்கும் சுரீரென்று ஒரு ஷாக். நிமிர்ந்தேன், இல்லை. குனிந்தேன், மறுபடியும் சுரீர். என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் ஏ.இ. இந்த ஊரில் பாதிக்கு விளக்கு எரிவது தன்னால்தான் என்று நினைப்பு. “ஏங்க, வாசல்ல கரண்ட் லீக் ஆவுது” என்றேன்.

“மண்ணுல ஏது கரண்ட்டு?”

“அதை நீங்கதான் சொல்லணும். ஏ.இ. நானா நீங்களா?”

டெஸ்டரை எடுத்துக்கொண்டு வந்து தரை, சுவர், கேட், குழாய், கடைசியில் கோலப்பொடி டப்பா வரைக்கும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். விளக்கே எரியவில்லை. நான் மிக்ஸிக்கு எதிரில் குனிந்தாலும் ஷாக், கட்டிலுக்கு அடியில் செருப்பு எடுக்கக் குனிந்தாலும் ஷாக். “அப்பக் குனியாதே” என்றார். வீட்டில் இருக்கிற பொம்பளை குனியாமல் இருப்பதா! பாத்திரம் மேலேயா கிடக்கிறது? இவர் கழற்றிப் போடுகிற பனியன் பரணிலா இருக்கிறது?

மனுஷனுக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் ஆளை வைத்துப் புதிதாக எர்த் குழி தோண்டினார். உப்பும் அடுப்புக்கரியும் மூட்டையாகக் கொட்டி, தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றினார். வாழைக்கு ஊற்றினால் குலை தள்ளியிருக்கும். ஷாக் நிற்கவில்லை. நான் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, மணைப்பலகை மேல் நின்றுகொண்டு கோலம் போட்டேன். எதிர்வீட்டில் போன் எடுத்து வீடியோ பிடித்தார்கள். பிடிக்கட்டும். “ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிறவர் வீட்டில் பெண்டாட்டிக்குத்தான் கரண்ட் பாய்கிறது” என்று எல்லோரும் கேட்கும்படி சொன்னேன். எங்கள் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது அது. ஸ்பீக் அப், கேர்ள்ஸ். முணுமுணுப்பது பாவம்.

பங்குனியில் மிளகாய். வருஷா வருஷம் மொட்டை மாடியில் நானே காயவைத்து, நானே மில்லுக்குக் கொண்டுபோய், என் தூள் விழுகிற வரைக்கும் அங்கேயே நிற்பேன். உங்களுக்குத் தெரியாததா? கொஞ்சம் அசந்தால் முன்னால் அரைத்தவளின் சொத்தை மிளகாய் நம் டப்பாவில் வந்து உட்கார்ந்துவிடும். நின்றேன். என் கண் முன்னால்தான் மில்லுக்காரன் துரைக்கண்ணு கொட்டினான், என் கண் முன்னால்தான் தூள் விழுந்தது. பார்த்தால் பழைய செங்கல்லை இடித்த மாதிரி இருக்கிறது! சிவப்பே இல்லை.

“என் மிளகாயை எங்க மாத்தினே?”

“அக்கா, நீங்க இங்கயே தானே நின்னீங்க?”

“நின்னேன். நான் நிக்கும்போதே மாத்தியிருக்கே பாரு, அதுதான் உன் சாமர்த்தியம்.”

அவன் தலையில் அடித்துக்கொண்டான். நான் வீட்டுக்கு வந்தேன். குழம்பு கொதிக்கிறது, நிறம் வரவில்லை. இன்னும் ஒரு கரண்டி போட்டேன், வரவில்லை. இன்னும் ஒன்று. இவரும் பெண்ணும் சாப்பிட உட்கார்ந்து, விக்கி, இருமி, எழுந்து ஓடி, அதெல்லாம் உங்களிடம் எதற்கு. காரம் இருக்கிறது, நிறம் இல்லை. அப்படியானால் என்ன அர்த்தம்? காரத்தை என்னிடம் விட்டுவிட்டு நிறத்தை மட்டும் திருடியிருக்கிறான். இதை மில்லில் போய்ச் சொன்னேன். அன்றிலிருந்து நான் போனால் கரண்ட் இல்லை என்கிறான். ஏ.இ. பெண்டாட்டியிடம்!

அப்புறம் தக்காளிக்காரியோடு சண்டை. குங்குமக் கடையில் சண்டை. என்ன ஊர் இது, எல்லோரும் ஒரே நேரத்தில் சிவப்பில் கை வைக்கிறார்களே என்று இருந்தது. ஒன்று கவனித்தேன். காலையில் குளித்துவிட்டுப் பார்த்தால் ஏதோ கொஞ்சம் தேவலை. அடுப்படியில் வெந்துவிட்டு வந்து பார்த்தால் எல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கும். நான் என்ன நினைத்தேன், சாயம் மட்டம், வெயிலுக்கு நிற்கவில்லை என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். நம் கண்ணையா சந்தேகப்படுவோம்?

சித்திரைக் கடைசியில் என் பெண் மதுவந்திக்கு நிச்சயதார்த்தம். பையன் நல்ல பையன், ஹரிஷங்கர் என்று பெயர், பேசினால் பேசுவான், இல்லாவிட்டால் சிரிப்பான். அப்பா இல்லை. அம்மாதான் எல்லாம். அந்த அம்மாதான் அகிலாண்டம். திருவானைக்காவல். வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பை அதக்கிக்கொண்டிருப்பாள். ஆள் கிட்டே வருவதற்கு முன்னால் மணம் வந்துவிடும். பெண் பார்க்க வந்த அன்றே சொன்னாள், “எனக்கு இந்த வயசுலயும் கண்ணாடி கெடையாது, ஊசியில நூல் நானே கோப்பேன்” என்று. பெண் பார்க்க வந்த இடத்தில் ஊசி நூல் எதற்கு? என் கண்ணாடியைக் குத்திக் காட்டத்தான்.

மண்டபத்தில் ஏ.சி. வேலை செய்யவில்லை. கத்திரி வெயில். லக்னப் பத்திரிகை வாசித்தவர் வாசித்து முடித்துவிட்டு மைக்கைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். அணைத்துவிட்டுப் போக வேண்டாமா? அகிலாண்டம் நிச்சயப் புடவையைத் தட்டோடு என்னிடம் நீட்டினாள். பட்டு. நல்ல கனம். நிறத்தைப் பார்க்கிறேன், துவைத்துத் துவைத்து வெளுத்த காவி! நான் மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு இவர் காதில் சொன்னேன், “என்னங்க இது, சாயம் போன புடவையாக் கொண்டுவந்திருக்காங்க.”

மண்டபத்து வாசலில் கட்டியிருந்த ஸ்பீக்கர் வரைக்கும் கேட்டது. நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

சரி, கேட்டது கேட்டாயிற்று. அகிலாண்டம் கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினாள். “இந்த லைட்டுல அப்படித் தெரியும் சம்பந்தி. வெளிச்சத்துல பாருங்க” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள், அதை ஒத்துக்கொள்கிறேன். வெளியே கொண்டுபோனேன். உச்சி வெயில். பார்த்தால் முன்னைவிட மோசம்! காவிகூட இல்லை, கருவாட்டு நிறம். எனக்கு வந்த கோபத்தில், முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்து வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்தேன். சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்போம் இல்லையா, அந்த மாதிரி. ஒரு பொட்டு ஒட்டவில்லை.

“பாத்தீங்களா, ஒட்டலை. கெட்டிச் சாயம்” என்றாள் அவள்.

“இருந்தாத்தானே ஒட்டறதுக்கு?” என்றேன் நான்.

நியாயமான கேள்விதானே? ஆனால் என் பெண் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தாம்பூலம் மாற்றினார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். மறுநாள் போன். அதுதான் முதலில் சொன்னேனே, ஏலத்துல எடுத்துட்டு வந்தோமா.

என்ன கூப்பிடுகிறாள் அந்த நர்ஸ்? அகிலாண்டமா? கேளுங்கள், கேளுங்கள். “அகிலாண்டம், கண்புரை செக்கப், அகிலாண்டம்!” திருச்சியில் இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு பஸ் நிறையப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இது வேறு யாரோ. நம் ஆளுக்கு ஏது புரை? அவள்தான் ஊசியில் நூல் கோப்பவளாயிற்றே. சும்மா உட்காருங்கள், நீங்கள் ஏன் பதறுகிறீர்கள்?

அப்புறம் என்ன ஆயிற்று என்றால், வைகாசியில் ஒரு நாள் இடது கண்ணை உருட்டினால் வலி. மறுநாள் அந்தக் கண்ணுக்கு முன்னால் நனைந்த துணியைத் தொங்கவிட்ட மாதிரி ஆகிவிட்டது. எனக்கு வலது கண் சின்ன வயதிலிருந்தே சோம்பேறி, பெயருக்குத்தான் இருக்கிறது. பார்ப்பதெல்லாம் இடதுதான். அது படுத்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தலையைக் குழாய்க்குள் விட்டுப் படம் எடுத்தார்கள். முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். கடைசியில் நரம்பு டாக்டர் சொன்னார், மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ். நரம்பைச் சுற்றி ஒரு உறை இருக்கிறதாம். அதை நம் உடம்பே பகையாளி என்று நினைத்துத் தின்றுவிடுமாம். மூளையில் கொஞ்சம், கழுத்தில் கொஞ்சம், கண் நரம்பில் கொஞ்சம். கழுத்தில் தின்ற இடத்தால்தான் குனிந்தால் ஷாக். கண்ணில் தின்ற இடத்தால்தான் சிவப்பு போயிற்று. உடம்பு சூடானால் இன்னும் மங்குமாம்.

இவர் டாக்டரிடம் கேட்டார், “அப்ப இன்சுலேஷன் போயிடுச்சுங்கறீங்க?” ஆமாம் என்றார் டாக்டர். இவர் என் பக்கம் திரும்பி, “பார்த்தியா தமயந்தி, நான் அப்பவே சொன்னேன், வீட்டு வயரிங்ல தப்பே இல்லை” என்றார். சொல்லிவிட்டு வெளியே போய், தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றுகொண்டு அழுதார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்போது என் கண்தான் மோசம், காது இல்லை.

ஐந்து நாள் ஊசி ஏற்றினார்கள். பார்வை திரும்பிற்று, முழுசாக இல்லை. இப்போது இங்கே வந்திருப்பது கண்ணுக்குள் நரம்புப் படலம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்க. அதற்கு ஒரு மெஷின். தாடையை வை, நெற்றியை முட்டு, பச்சைப் புள்ளியைப் பார், இமைக்காதே. எங்கள் வீட்டுச் சுவரில் ஈரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்றுகூட இவ்வளவு அக்கறையாக யாரும் பார்த்ததில்லை. டாக்டர் சின்னப் பெண். “கண்ணுக்குள்ள பார்த்தா மூளை நரம்போட நிலைமையே தெரியும் ஆன்ட்டி. அது ஒண்ணுதான் திறந்து பார்க்காமலே பார்க்கலாம்” என்றாள்.

“அப்ப என் மூளையைப் பார்த்துட்டியாம்மா?”

“ஒரு மாதிரி, ஆமா.”

“எப்படி இருக்கு?” என்று இவர் ஆவலாக முன்னால் வந்தார். முப்பது வருஷமாகக் கேட்க நினைத்த கேள்வி போலிருக்கிறது.

நூறை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் இடது கண்ணில் எழுபத்தெட்டு இருக்கிறதாம். மைக்ரான் கணக்கு. “எழுபத்தெட்டுன்னா டிஸ்டிங்ஷன்தானே?” என்றேன். எங்கள் கான்வெண்டில் எழுபத்தைந்துக்கு மேலே டிஸ்டிங்ஷன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. போன தடவை எண்பத்தொன்று என்றாள். போனது திரும்பாதாம். இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்தாம். எவ்வளவு வேகமாகப் போகும் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றாள். நடையும் போகலாமாம், கண்ணா, காலா, எது முதலில் என்று கேட்டேன். அதுவும் சொல்ல முடியாதாம். இவ்வளவு பெரிய மெஷினை வைத்துக்கொண்டு!

அது முடிந்தால் இன்னொரு பெண் வந்தாள், ஆராய்ச்சியாம். வாழ்க்கைத் தரம் எப்படி என்று கேள்வி கேட்பாளாம். நரம்பு தேய்வதற்கும் வாழ்க்கை தேய்வதற்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்கிறார்கள்.

“கடந்த நாலு வாரத்துல சோர்வா உணர்ந்தீங்களா? எப்பவும், அடிக்கடி, சில சமயம், ஒருபோதும் இல்லை.”

“கல்யாணம் ஆகிடுச்சாம்மா உனக்கு?”

“இல்ல ஆன்ட்டி.”

“அதான் கேக்குறே. அடுத்தது.”

“உங்க உடல்நிலை காரணமா வாழ்க்கையை ரசிக்கிறது குறைஞ்சிருக்கா?”

“ரசிக்கிறதா? முதல்ல அது எப்ப இருந்துதுன்னு எங்க வீட்டுக்காரரைக் கேட்டுட்டு வா. அவர்தான் இருக்கிறது இல்லாததையெல்லாம் டெஸ்டர் வெச்சுக் கண்டுபிடிப்பாரு.”

பாவம், நல்ல பெண்தான், எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு கட்டத்தைத் தொட்டுக்கொண்டே வந்தாள். அப்புறம் ஒன்று கேட்டாள். “உங்க நோயைப் பத்தி மத்தவங்ககிட்ட சொல்ல முடியுதா?” நான் அடுத்த கேள்வி என்றேன். இதுதான் கடைசி ஆன்ட்டி என்றாள். அப்படியானால் முடிந்துவிட்டது, போ என்றேன்.

என்ன தருகிறீர்கள்? கிராம்பா? கொடுங்கள். வாய் கசந்துதான் கிடக்கிறது. பாருங்கள், அந்தப் பொம்பளை வாயில் மணந்தால் எரிச்சலாக இருக்கிறது, உங்கள் கையால் கொடுத்தால் இதமாக இருக்கிறது. எல்லாம் ஆளைப் பொறுத்தது. உங்களை மாதிரி ஒரு சம்பந்தி எனக்கு வாய்த்திருக்கக்கூடாதா? எத்தனை நேரமாகப் பேசுகிறேன், ஒரு தடவை குறுக்கே பேசினீர்களா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஊசி ஏற்றி வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு நாள் மத்தியானம் இவரும் பெண்ணும் இல்லை. ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு பீரோவைத் திறந்தேன். அந்தப் புடவையை எடுத்துக் கட்டில் மேல் விரித்தேன்.

சிவப்பு.

சிவப்பு என்றால், உங்களுக்கு எப்படிச் சொல்வது, அடுப்பில் கரி நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகு நடுவில் ஒரு சிவப்பு இருக்குமே, அது. ஓரத்தில் மாம்பழ பார்டர். என் இடது கண்ணை வைத்துக்கொண்டு அப்படித் தெரிகிறது என்றால், மற்றவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? நான் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு மடித்து, இருந்த இடத்தில், இருந்த மாதிரியே வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? அந்த அகிலாண்டம்தான் அன்றைக்கே ‘சிவப்பு, சிவப்பு’ என்று இன்னும் நாலு தரம் அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். வெளிச்சத்தில் பார் என்று வெயிலில் அனுப்பிவிட்டாள். தப்பு யார் மேல்?

இவர் சொல்கிறார், உண்மையைச் சொல்லிடு, கண்ணு சரியில்லைன்னு தெரிஞ்சா அவங்களுக்குக் கோபம் போயிடும் என்று. கோபம் போய்விடும். கூடவே கல்யாணமும் போய்விடும். உங்களுக்குத் தெரியாதா நம் ஜனங்களை? அம்மாவுக்கு நரம்பில் நோய் என்றால் அடுத்த கேள்வி என்ன? பெண்ணுக்கு வருமா? டாக்டரிடம் கேட்டேன். இது பரம்பரையாக வந்தே தீருகிற நோய் இல்லை, மற்றவர்களைவிடக் கொஞ்சம் வாய்ப்பு கூட, அவ்வளவுதான், பயப்பட வேண்டாம் என்றார். அந்தக் ‘கொஞ்சம்’ இருக்கிறதே, அது திருவானைக்காவல் போய்ச் சேருவதற்குள் எவ்வளவு பெரிதாகும்? அதனால் நான் தீர்மானம் பண்ணிவிட்டேன். திமிர் பிடித்தவள் என்றே இருந்துவிட்டுப் போகிறேன். திமிருக்காக எந்தக் கல்யாணமும் நின்றதில்லை. திமிர் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. நோய்தான் எவர் வீட்டிலும் இருக்கக்கூடாது.

ஆனால் நாள் இல்லை. ஆவணியில் முகூர்த்தம். ஆடி பிறந்துவிட்டால் பத்திரிகைக்கு மஞ்சள் தடவ முடியாது. அதனால் இன்றைக்கே போகிறோம். இங்கே முடிந்ததும் நேரே திருவானைக்காவல். காரில் பழத்தட்டு தயாராக இருக்கிறது. அதில் இருக்கிற ஆப்பிள் சிவப்பா என்று நான் கேட்கவே இல்லை. நோயைச் சொல்லாமல் மன்னிப்பு மட்டும் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது? எனக்குப் பழக்கமில்லை. கான்வெண்டில் தப்பு செய்தால் நூறு தடவை எழுதச் சொல்வார்கள், வாயால் கேட்கச் சொன்னதில்லை.

ஒரு உதவி செய்கிறீர்களா? கொஞ்ச நேரம் நீங்கள் அகிலாண்டமாக இருங்கள். நான் சொல்லிப் பார்க்கிறேன். கஷ்டம்தான், உங்களை மாதிரி சாதுவுக்கு வராது. முகத்தை மட்டும் உர்ரென்று வைத்துக்கொள்ளுங்கள். கிராம்பு வாயிலேயே இருக்கட்டும், பொருத்தமாக இருக்கிறது.

“சம்பந்தியம்மா, அன்னைக்கு மண்டபத்துல நான் சத்தமாச் சொன்னது தப்புதான். ஆனா மைக்கை அணைக்காமப் போனது யாரு? உங்க வீட்டு ஆளு.”

இல்லை, இது சரியில்லை. மறுபடியும் முதலிலிருந்து. அவள் என்னைவிட மூத்தவள். அக்கா என்று ஆரம்பிக்கிறேன்.

“அக்கா, உங்க புடவை நல்ல புடவை. நான்தான் தெரியாமச் சொல்லிட்டேன். எப்படித் தெரியாமன்னா, வெளிச்சம் சரியில்லை. வெளிச்சம் இருந்துது. வெயிலு ஜாஸ்தி. அதில்லக்கா, எனக்கு.”

ஏன் கையைப் பிடிக்கிறீர்கள்? நான் அழவில்லை, சொட்டு மருந்து. பிடித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. அகிலாண்டம் பிடிக்க மாட்டாள்.

“அக்கா, உங்களுக்குக் கண்ணுல ஒரு குறையும் கெடையாது. ஊசியில நூல் கோப்பீங்க. உங்களுக்கு இது புரியுமான்னு தெரியலை. எனக்கு அன்னைக்குச் சிவப்பு தெரியலைக்கா. உலகத்துல எங்கயுமே தெரியலை. மிளகாயில தெரியலை, குங்குமத்துல தெரியலை. உங்க புடவையிலயும் தெரியலை. எனக்கு நரம்புல வியாதி. மதுவுக்கு வராதுக்கா. டாக்டர் பயப்பட வேண்டாம்னுதான் சொன்னாங்க. அவ கண்ணு நல்ல கண்ணு. உங்க புடவையைப் பார்த்த உடனே, அம்மா எவ்வளவு அழகான சிவப்புன்னா. நான்தான் நம்பலை. என்னை வெச்சு அவளை எடை போட்டுடாதீங்க. கல்யாணத்தைத் தள்ளியும் போட்டுடாதீங்கக்கா. எனக்கு எது எப்பப் போகும்னு யாருக்கும் தெரியாதாம். இப்பத் தெரியுது. அவ அந்தச் சிவப்பைக் கட்டிக்கிட்டு மணையில உக்கார்றதை நான் பார்க்கணும். ஆவணின்னா பார்த்துடுவேன்.”

பாருங்கள், சொல்லக்கூடாது என்று நினைத்ததெல்லாம் சொல்லிவிட்டேன். உங்களிடம் என்பதால் வந்துவிட்டது. அங்கே போய் இதில் கால்வாசிகூட வராது, எனக்கே தெரியும். அவளைப் பார்த்ததும் வாய் தானாக ஏலம், மைக் என்று போய்விடும்.

நர்ஸ் மறுபடியும் கத்துகிறாள், கேட்டீர்களா? “திருவானைக்காவல் அகிலாண்டம் இருக்காங்களா, இல்லையா? கடைசியாக் கூப்பிடறேன், அப்புறம் நாளைக்குத்தான்.” திருவானைக்காவலில்தான் எத்தனை அகிலாண்டம்! எவளோ ஒருத்தி, நம்பர் வந்தும் எழுந்து போகாமல் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். காது கேட்காது போலிருக்கிறது, பாவம்.

அதை விடுங்கள். நீங்கள் இன்னும் அகிலாண்டம்தான். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இப்போது அவள் முறை. அவள் என்ன சொல்வாள்? இவர் வந்துவிடுவார், வந்தால் கிளம்ப வேண்டும், அதற்குள் எனக்குத் தெரிய வேண்டும். கையை இவ்வளவு அழுத்தாதீர்கள், வளையல் குத்துகிறது. வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். திட்டினாலும் சரி. சொல்லுங்களேன், அக்கா.